பலகையில் இருக்கும் காடும் மலையில் இருக்கும் காடும்

செமினியிலிருந்து காஜாங் போகும் பேருந்தில் ஒருநாள், பொழுது போகாமல், வழியில் தெரிந்த வீடமைப்புத் திட்டங்களின் விளம்பரப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். மொத்தம் 11. அவற்றுள் 9 பலகைகளில் காடு, குன்று, பசுமை, ஊற்று என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லோ மலாய்ச் சொல்லோ இருந்தது. பலகைக்குப் பின்னால் இருந்ததோ வெட்டிச் சமன்படுத்திய செம்மண்.

அந்தப் பலகைகளைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு இல்லை. எங்கள் குடும்பமும் அப்படியொரு பெயர் கொண்ட தாமானில்தான் குடியிருக்கிறது. அப்பா 30 ஆண்டுக் கடனில் வாங்கிய இரண்டு மாடி வரிசை வீடு. அந்த நிலம் அதற்கு முன் செம்பனைத் தோட்டம். அதற்கும் முன் ரப்பர். அதற்கும் முன் காடு. ஆகவே வீடு கட்டுவதையே நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்: நாம் வாழும் மாவட்டத்தின் நில அமைப்பு நமக்குத் தெரியவில்லை. தெரியாததால், எதை எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் நாம் வாயடைத்து நிற்கிறோம். படித்துக்கொண்டிருக்கும் நாமே இப்படி என்றால் மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் பேசுவது உலு லங்காட் மாவட்டத்தைப் பற்றி. சிலாங்கூரின் தென்கிழக்கு மூலை. மேற்கே கோலாலம்பூர், கிழக்கே பகாங், தெற்கே நெகிரி செம்பிலான். அம்பாங், செராஸ், காஜாங், உலு லங்காட், உலு செமினி, செமினி, பெரானாங் என்று ஏழு முக்கிம்கள். பரப்பளவில் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம் பெரியது. 2010 கணக்கெடுப்பில் இங்கே 11 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள்; 2020இல் அது ஏறக்குறைய 14 லட்சம். சிலாங்கூரில் பெட்டாலிங் மாவட்டத்துக்கு அடுத்தபடியாக அதிக மக்கள் வாழ்வது இங்கேதான். 2017 ஜூலையில் எம்.ஆர்.டி. ரயில் காஜாங் வரை வந்த பிறகு, 'தூரம்' என்று தயங்கியவர்களும் வீடு தேடி வரத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பாங்கி, காஜாங், செமினி என்று பரவிக் கிடப்பதால் இதைப் படிக்கும் உங்களில் பலர் இந்த மாவட்டத்தில் வாடகை அறையில் இருக்கக்கூடும்.

இத்தனை பேர் இருந்தும் மாவட்டத்தின் கிழக்கும் வடகிழக்கும் இன்னும் காடுதான். நில அமைப்பைச் சொல்ல எனக்குத் தோன்றும் உவமை முறம். முறத்தைக் கிழக்கே தூக்கி மேற்கே சாய்த்துப் பிடித்தால் எப்படியோ, அப்படி. தூக்கிய விளிம்பில் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் மலைகள். அவற்றுள் உயர்ந்தது நூவாங், 1,493 மீட்டர். சரிந்த பக்கத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம். அதன் மேல் காஜாங், பாங்கி நகரங்கள். நூவாங் சரிவுகளில் பிறக்கும் லங்காட் ஆறு, சுங்கை லூய் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, டூசுன் துவா வெந்நீர் ஊற்றைத் தாண்டி, செராஸ் வழியாகக் காஜாங் நகரின் நடுவே போகிறது. தெற்கே செமினி ஆறும் பெரானாங் ஆறும் வேறு வழியாக வந்து அதனுடன் கலக்கின்றன. கடைசியில் எல்லாம் கோல லங்காட் பக்கம் மலாக்கா நீரிணையில் போய் விழுகின்றன. மக்கள் முறத்தின் தாழ்ந்த பக்கத்தில். தண்ணீர் வருவது உயர்ந்த பக்கத்திலிருந்து. இந்த ஒரு வாக்கியம் மனதில் பதிந்தால் மாவட்டத்தின் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

பருவநிலையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் கொட்டித் தீர்க்கும். தித்திவாங்சா சுவராக நின்று மேற்குக் கரையைக் காக்கும். நமக்கு மழை மிகுவது காற்று திசை மாறும் இடைக்காலங்களில்: ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர். காலையில் சுள்ளென்று வெயில், 3 மணிக்குக் கறுத்து, 4 மணிக்கு இடி மின்னலுடன் ஊற்றும் மழை. புறப்பாட நடவடிக்கை நாளில் தவறாமல் இப்படி நடப்பது எங்கள் பள்ளிக்கு மட்டும் வந்த சாபம் என்றே படிவம் ஐந்து வரை நினைத்திருந்தேன். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாவதுதான் காரணம். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் 0.6 பாகைக்குமேல் குறையும் என்ற கணக்கை நூவாங்கில் போட்டுப் பாருங்கள். காஜாங்கில் 33 பாகை கொதிக்கும்போது உச்சியில் ஏறக்குறைய 24தான் இருக்கும்.

அந்த மழை காட்டின் மேல் விழும்போது நடப்பதும், செம்மண்ணின் மேல் விழும்போது நடப்பதும் வேறு வேறு. காட்டில் மழைத்துளி முதலில் 40 மீட்டர் உயர மரத்தின் இலையில் விழுகிறது. அங்கிருந்து நடுத்தர மரம், புதர், கடைசியில் உதிர்ந்த சருகு. வேகம் இழந்து தரைக்கு வந்த நீரை வேர்களும் புழுக்களும் துளைத்து வைத்த மண் உறிஞ்சுகிறது. பிறகு பல நாள்கள், வாரங்கள் என்று மெல்லக் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. மழையில்லாத ஜூலையிலும் சுங்கை தெக்கலா அருவியில் தண்ணீர் விழுவது அதனால்தான். வெட்டிய நிலத்தில் துளி நேராக மண்ணை அடிக்கிறது, மண்ணைப் பெயர்க்கிறது, இரண்டும் சேர்ந்து அரை மணி நேரத்தில் ஆற்றுக்குள் போய்விடுகின்றன. நம் ஆறுகள் தே தாரேக் நிறத்தில் ஓடுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அது ஆற்றின் இயற்கை நிறம் என்றே என் தம்பி நினைத்திருந்தான். நூவாங் அடிவாரத்தில் கூழாங்கல் தெரிய ஓடும் அதே லங்காட்டைக் காட்டியபோது நம்பவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பச்சையாக இருப்பதெல்லாம் காடு ஆகாது. மாவட்டத்தை வானிலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் நிறைய பச்சை தெரியும். அதில் ஒரு பகுதி செம்பனை, ஒரு பகுதி பழைய ரப்பர், ஒரு பகுதி லாலான் புல். நம்மில் பலர் விடியற்காலையில் ஏறிப் படம் எடுத்துப் போடும் புரோகா மலையின் உச்சி லாலான்தான். ஒரே வகை மரம் வரிசையாக நிற்கும் தோட்டம், பல அடுக்குக் காடு செய்யும் வேலையைச் செய்யாது. பழைய செம்பனைத் தோட்டத்தில் வீடு கட்டுவதும், காப்புக்காட்டின் செங்குத்துச் சரிவை வெட்டுவதும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் நம் எதிர்ப்புக்கும் மதிப்பு இருக்கும். இரண்டையும் ஒரே குரலில் திட்டினால் கேட்பவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

இனி குழாய்த் தண்ணீருக்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக் காட்டுக்குள் இரண்டு பெரிய அணைகள் உள்ளன: லங்காட் அணை, செமினி அணை. செமினி அணையின் நீர் குழாய் வழியாக நேரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அணையிலிருந்து நீரை ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். அது ஊர்களையும் தொழிற்பேட்டைகளையும் பண்ணைகளையும் கடந்து, பல கிலோமீட்டர் கீழே ஜெண்டராம் ஹிலிரில் உள்ள நிலையத்தில் எடுக்கப்படுகிறது. காடு சுத்தமாகக் கொடுத்ததை இடைவழியில் நாம் அழுக்காக்கி, பிறகு காசு செலவழித்துச் சுத்தம் செய்து குடிக்கிறோம். 2016 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆற்றில் துர்நாற்றம் கண்டறியப்பட்டு அந்த நிலையம் மீண்டும் மீண்டும் மூடப்பட்டது நினைவிருக்கலாம். நான் அப்போது ஆரம்பப் பள்ளி மாணவி. அம்மா குளியலறை வாளிகளை வாசலில் வரிசையாக வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார். 2020இலும் அதே கதை. மேலே காடும் அணையும் எந்தக் குறையும் இல்லாமல் நிற்க, கீழே ஒரு நகரமே வாளியோடு நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தாகத்துக்கு சிலாங்கூர் ஆறுகள் போதாமல், பகாங்கின் நீரை மலையைக் குடைந்து கொண்டுவர 44.6 கிலோமீட்டர் சுரங்கம் 2014இல் தோண்டி முடிக்கப்பட்டது. அது வெளியே வரும் இடம் நம் உலு லங்காட். பொறியியல் படிப்பவர்களுக்கு அது பெருமைக்குரிய சாதனை, எனக்கும்தான். ஆனால் அடுத்த மாநிலத்துக் காடு தரும் நீரைக் குடிக்கும் நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டோம் என்பதும் அதற்குள் இருக்கிறது.

2021 டிசம்பரைப் பற்றி எழுதாமல் இந்த மாவட்டத்தைப் பற்றி எழுத முடியாது. அப்போது எனக்கு 17 வயது. கோவிட் காரணமாக எஸ்.பி.எம். தேர்வு மார்ச்சுக்குத் தள்ளிப் போயிருந்தது. டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழை மறுநாளும் நிற்கவில்லை. பத்து 14 பக்கம் இருந்த மாமா வீட்டுக்கு அழைத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. சாலை திறந்ததும் அப்பாவோடு போனோம். தண்ணீர் வடிந்திருந்தது, சேறு வடியவில்லை. கூடத்தில் முழங்கால் அளவு சேறு. குளிர்பதனப் பெட்டி மல்லாந்து கிடந்தது. அத்தையின் கல்யாணப் புடவைகள் இருந்த அலுமாரியைத் திறக்கவே முடியவில்லை. மேலே போகும் சாலையில், பாலங்களில், வீட்டு முற்றங்களில் மரக்கட்டைகள் குவிந்து கிடந்தன. மாமா அதிகம் பேசாதவர். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "தண்ணி வந்திருந்தா கழுவி விட்டுட்டுப் போயிருக்கலாம். இங்க மலையே வந்துருச்சு" என்றார்.

அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூரில். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் பெய்தது. வழக்கமாகத் தித்திவாங்சா சுவர் தடுக்கும் பருவமழை, ஒரு தாழ்வழுத்த மண்டலமாக இந்தப் பக்கமே வந்துவிட்டது. இப்படிப்பட்ட மழையை எந்தக் காடும் முழுதாக உறிஞ்ச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'காடு இருந்தால் வெள்ளமே வராது' என்று பேச்சுப் போட்டியில் நானே முழங்கியிருக்கிறேன். அது அரை உண்மை. அன்று மேலே காடு இருக்கத்தான் செய்தது. கேட்க வேண்டியது வேறு: அந்த வெள்ளத்தோடு எவ்வளவு மண் வந்தது, ஆற்றுக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டிருந்தோம், செங்குத்துச் சரிவின் அடியில் யாரைக் குடிவைத்தோம்? இதே உலு லங்காட்டில் 2011 மே 21ஆம் தேதி மலைச்சரிவு இடிந்து ஓர் அனாதை இல்லத்தின் மேல் விழுந்து 16 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். வெயில் காயும் நேரத்தில் சரிவு அழகாகத்தான் இருக்கும்.

சோகத்தை விட்டு உயிரினங்களுக்கு வருவோம். நூவாங் பாதையில் விடியலில் நடந்தால் சியாமாங் குரங்கின் குரல் கேட்கும். தொண்டைப் பையை ஊதிக்கொண்டு ஆணும் பெண்ணும் சேர்ந்து போடும் கூச்சல் அடுத்த பள்ளத்தாக்கு வரை போகும். முதல் தடவை கேட்டபோது என் தோழி, யாரோ கார் அலாரத்தை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்றாள். இருவாச்சிப் பறவை பறந்தால் இறக்கைச் சத்தமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. எட்டாதவற்றுள் எனக்குப் பிடித்தது தாப்பிர். முன்பாதி கறுப்பு, நடுவே வெள்ளை, சின்னத் துதிக்கை. குட்டிக்குத் தர்ப்பூசணி போலக் கோடுகள். ஒரு குட்டியைச் சுமக்க ஏறக்குறைய 13 மாதம்; பெரும்பாலும் ஒரே குட்டி. அதனால் இரவில் சாலையைக் கடக்கும் ஒரு தாய்த் தாப்பிர் வாகனத்தில் அடிபட்டுச் செத்தால், அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும். காட்டைத் துண்டு துண்டாக்கி நடுவே சாலை போடும்போது காடு குறைவது ஒரு பங்கு கேடு. இரவில் கடக்க வேண்டிய இடங்கள் கூடுவது இன்னொரு பங்கு. மலாயாப் புலி நாடு முழுவதிலும் காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அதற்குத் தித்திவாங்சா ஒரே தொடராக இருந்தாக வேண்டும்.

'புலி, தாப்பிர் எல்லாம் சரி, எனக்கென்ன?' என்று கேட்பவர்களுக்காக டுரியானைக் கொண்டுவருகிறேன். உலு லங்காட் டுரியானுக்குப் பெயர் போனது. பழக்காலத்தில் சாலையோரக் கடைகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. டுரியான் பூ மாலையில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். அதனிடம் வந்து மகரந்தம் சேர்க்கும் முக்கியமான விருந்தாளி, குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால். அந்த வௌவால்கள் பெருங்கூட்டமாக வாழும் இடங்களுள் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த பத்துமலைக் குகைகள். டுரியான் ஆண்டு முழுவதும் பூக்காது. மற்ற மாதங்களில் அவை வேறு பூ தேட வேண்டும். இரை தேடி ஓர் இரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறந்து, கடற்கரைச் சதுப்புநில மரங்களின் பூவுக்குக்கூடப் போகின்றன என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகக் கடலோரத்தில் ஒரு சதுப்புநிலக் காட்டை அழித்தால், மலையில் டுரியான் காய்ப்பது குறையலாம். தைப்பூசத்துக்குப் படியேறும்போது தலைக்கு மேல் இருளில் தொங்குகிறவற்றை நான் இப்போது கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

நம் சமூகத்துக்கும் இந்த நிலத்துக்கும் உள்ள உறவு உல்லாசப் பயணி உறவன்று. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் நட்ட முதல் தோட்டங்களுள் ஒன்று காஜாங்கில்தான் இருந்தது. 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் நட்டார்கள். அதன்பின் காஜாங், செமினி, பாங்கி என்று காடு வரிசையாக விழுந்தது. தோட்டங்களில் காடு அழித்ததும், கன்று நட்டதும், பால் வெட்டியதும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். கூலிக்குச் செய்தார்கள், வேறு வழியில்லாமல் செய்தார்கள், ஆனாலும் செய்தார்கள். என் பாட்டி செமினிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "ஆத்துல துணி தொவச்சோம், அதே தண்ணியக் குடிச்சோம். மணல் வெள்ளையா தெரியும்டி" என்பார். பிறகு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்து வந்தவர்களுக்கு, காடு போன கதையும் தோட்டம் போன கதையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்குகள். இதற்கெல்லாம் முன்பே இங்கே இருந்த தெமுவான் பூர்வகுடி மக்களிடம் கேட்டால் முதல் அடுக்கிலிருந்தே சொல்வார்கள். நாம் கேட்டதில்லை.

சரி, மாணவர்கள் என்ன செய்ய முடியும்? மரம் நடும் நிகழ்ச்சியில் கையுறையோடு படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. நட்ட மரத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதைவிடச் சலிப்பூட்டும், ஆனால் பயனுள்ள ஒரு வேலை இருக்கிறது: திட்டங்களைப் படிப்பது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூராட்சி மன்றம் தன் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்பேட்டை, எது பசுமைப் பகுதி என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அதில் இருக்கும். சிலாங்கூர் 2011இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காப்புக்காட்டின் தகுதியை நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று ஆக்கியது. நம் கையில் ஆயுதம் இருக்கிறது, உறையிலிருந்து எடுப்பதில்லை.

எடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2002இல் புரோகாவில் நாளொன்றுக்கு 1,500 டன் குப்பை எரிக்கும் ஆலை வரப்போகிறது என்றதும், அந்தச் சின்ன ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2007இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. லங்காட் ஆறு கடலில் சேரும் பக்கம் கோல லங்காட் வட காப்புக்காட்டின் கதை இன்னும் அண்மையது. 2020இல் அந்தக் கரிச்சதுப்புக் காட்டில் 900 ஹெக்டாருக்கு மேல் காப்புத் தகுதியை நீக்கும் அறிவிப்பு வந்தது. பூர்வகுடி மக்களும் இயற்கை ஆர்வலர்களும் பல்லாயிரக்கணக்கான ஆட்சேபக் கடிதங்களைக் கொடுத்தார்கள். ஆனாலும் அதில் பாதிக்கு மேல் தகுதி நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் தெரியவந்தது. எதிர்ப்பு வெடித்தது, செப்டம்பரில் மாநில அரசு முடிவை ரத்துசெய்து மீண்டும் காப்புக்காடாக்குவதாக அறிவித்தது. எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. அம்பாங்கையும் சுங்கை லோங்கையும் இணைக்கும் கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலைக்காக 100 ஹெக்டாருக்கு மேற்பட்ட காப்புக்காடு விட்டுக்கொடுக்கப்பட்டது. செராஸ் நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் தொலைக்கும் என் அப்பாவுக்கு அந்தச் சாலை வரம். எனக்கு அது வயிற்றில் ஒரு கல். நாங்கள் இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம்.

கல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிவம் ஒன்று முதல் மூன்று வரை புவியியல் கட்டாயப் பாடம். அதன்பிறகு விருப்பப் பாடம். நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன். 'புவியியலுக்கு வேலை இல்லை' என்று ஓர் ஆசிரியரே சொன்னார், கணக்கியல் எடுத்தேன். சமவுயரக் கோடு பார்த்துச் சரிவின் செங்குத்தைக் கணிக்கத் தெரியாதவர், ஒரு வீட்டுக்கு 6 லட்சம் ரிங்கிட் கையெழுத்துப் போடுகிறார். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று தெரியாமல் ஒருவர் வாக்களிக்கிறார். 18 வயதில் வாக்குரிமை வந்துவிட்டது. படிவம் மூன்றின் வரைபடப் பாடம் அதற்குள் மறந்தும் போய்விடுகிறது. இடைநிலைப் பள்ளித் தமிழ் மொழிக் கழகங்களுக்கு என் யோசனை: அடுத்த ஆண்டு ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு, பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாய் எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று மாணவர்களை நடந்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பட்டிமன்றத் தலைப்பு தானாகக் கிடைக்கும்.

நான் அதைச் செய்து பார்த்தேன். எங்கள் தாமான் கால்வாய் 400 மீட்டர் தள்ளி ஒரு சிற்றோடையில் விழுகிறது. அந்த ஓடை செமினி ஆற்றில் சேர்கிறது. ஓடைக்கு இருபுறமும் மூங்கிலும் காட்டு மரங்களும் கொண்ட ஒரு பட்டை, சுமார் 20 மீட்டர் அகலத்துக்கு, யாரும் கவனிக்காமல் மிஞ்சியிருக்கிறது. நீலநிற மீன்கொத்தி ஒன்று அங்கே குடியிருக்கிறது. உள்ளூர்த் திட்ட வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். கண்காட்சிக் கூடத்தில் நானும் ஒரு முதியவரும் காவலரும் மட்டுமே இருந்தோம். அந்தப் பட்டையை வரைபடத்தில் தேடினேன். எங்கள் தாமானுக்குப் பூசிய அதே குடியிருப்பு வண்ணம்தான் அதற்கும் பூசப்பட்டிருந்தது. ஓடை ஒரு மெல்லிய கோடாக மட்டும் இருந்தது.

அன்றிரவு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஓடையின் இரு கரையிலும் இருக்கும் மரப்பட்டையை ஆற்றோர ஒதுக்கு நிலமாகக் குறிக்க வேண்டும், காரணம் இவை என்று நான்கு காரணங்கள். இலக்கணத்தைத் தம்பி திருத்தினான். பக்கத்து வீட்டு மக்சிக்கும் எதிர்வீட்டு ஆண்ட்டிக்கும் படித்துக் காட்டியதில் 14 கையெழுத்துகள் சேர்ந்தன. அப்பாவும் போட்டார். முகப்பில் இருந்த அலுவலர் கடிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, நகலைத் திருப்பிக் கொடுத்தார். "மாணவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆட்சேபம் சொன்னவர்களை நேரில் விசாரிக்கும் நாள் குறித்துக் கடிதம் வரும், வந்தால் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

அந்த நாள் தேர்வு வாரத்தில் விழாமல் இருந்தால் நல்லது. விழுந்தாலும் போகத்தான் போகிறேன். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.